அசையாத கேன்வாஸில் அசைவு எங்கிருந்து வருகிறது? குப்கா, தெலோனே, பல்லா – விவாத இழை

செம்மண் எழுதியது:

1912-இல் முடிந்த இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே வீட்டில் விளையாடிய ஒரு சிறுமியிடமிருந்து பிறந்தவை.

முதலாவது இத்தாலியர் ஜாகோமோ பல்லா வரைந்த ‘பால்கனியில் ஓடும் சிறுமி’. ஓடுவது அவருடைய மகள் லூச்சே. ஓவியம் மிலானில் இருக்கிறது. தலை, உடை, பூட்ஸ் போட்ட கால்கள் எல்லாம் திரும்பத் திரும்ப வந்து, நிறப் புள்ளிகளாகக் கலைந்து, பால்கனிக் கம்பிகளை ஒட்டி வரிசையாகப் போகின்றன. அசைவின் பல கணங்களை ஒரே தகட்டில் பதித்த எத்தியென்-ஜூல் மாரேயின் புகைப்படங்களிலிருந்து நேராக வந்த முறை அது.

இரண்டாவது செக் ஓவியர் பிரான்டிசேக் குப்கா பாரிஸை ஒட்டிய புத்தோவில் வரைந்தது. அவர் மனைவியின் மகள் ஆந்த்ரே தோட்டத்தில் பந்து வைத்து விளையாடுவதை 1908 வாக்கில் சாதாரண உருவப்படமாகத்தான் முதலில் தீட்டினார். அப்புறம் அந்தப் பந்து போன பாதையை மட்டும் தாள் தாளாக வரைந்துகொண்டே போனார். ஒவ்வொரு தாளிலும் சிறுமி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறாள். 1912-இல் பாரிஸின் இலையுதிர்கால சலோனில் அவர் மாட்டியது ‘அமார்ஃபா: இரு நிறங்களில் ஃப்யூக்’. ஃப்யூக் என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திக்கொண்டு போகும் இசை வடிவம். ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். கறுப்பும் வெள்ளையுமான வெளியில் சிவப்பும் நீலமும் வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்கின்றன. சிறுமியும் இல்லை, பந்தும் இல்லை.

பல்லாவைப் பார்க்கும்போது ஒரு சிறுமி ஓடினாள் என்ற தகவல் கிடைக்கிறது. குப்காவைப் பார்க்கும்போது என் கண் ஓடுகிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நிறம் என்பது என் கட்சி. ஆரம்பகால அரூப ஓவியர்கள், அதாவது அடையாளம் தெரியும் உருவங்களை விட்டுவிட்டவர்கள், அசைவை வரைவதை விட்டுவிட்டு, நிறங்களைக் கொண்டு பார்ப்பவரின் கண்ணில் அசைவை உண்டாக்கினார்கள். இதை மறுப்பவர்கள் வந்து மறுக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த இழை.

---

கோட்டோவியன் எழுதியது:

நான் மறுக்கிறேன். ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் ஒரு எளிய சோதனை உண்டு. எந்த ஓவியத்தையும் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அமார்ஃபாவை மாற்றினால் என்ன ஆகிறது? அந்தப் பெரிய வளைவுகள் அப்படியே நிற்கின்றன. கீழேயிருந்து ஏறி, மேலே திரும்பி, உள்ளே சுருண்டு வருகிற அந்தப் பாதை கோட்டால் ஆனது. குப்கா முதலில் பந்தின் பாதையைப் பென்சிலிலும் மையிலும் வரைந்துதான் கண்டுபிடித்தார், நிறம் பின்னால் வந்து உட்கார்ந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘ஏழாம் கம்போசிஷன்’ 1913-இல் வரைந்தது. இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர். நவம்பர் மாதக் கடைசியில் நான்கே நாளில் முடித்தார். கூடவே இருந்த கேப்ரியேல் மூன்ட்டர் அது வளர்வதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அவற்றிலும் அந்தச் சூறாவளி தெரிகிறது. அதற்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் செய்து, எந்தச் சாய்வு எதை முட்ட வேண்டும் என்று கை பழகிய பிறகுதான் அந்த நான்கு நாள் வேகம் சாத்தியமானது. சாய்வும் வளைவும் எடையும் சரியாக இருந்தால் சாம்பல் நிறத்திலும் ஓவியம் நகரும். இவை இல்லாத இடத்தில் எத்தனை நிறம் பூசினாலும் அது விரிப்பு மாதிரி படுத்துத்தான் கிடக்கும்.

---

மழைப்பாடினி எழுதியது:

அதே சோதனையை பிரெஞ்சு ஓவியர் ராபர்ட் தெலோனேவின் ‘முதல் வட்டு’க்குச் செய்து பாருங்கள் சார். 1912–13. வட்டமான கேன்வாஸ், குறுக்களவு 134 செ.மீ. ஏழு வளையங்கள், அவற்றை நான்காக வெட்டும் இரண்டு நேர்கோடுகள், வேறு எதுவும் இல்லை. சாய்வே கிடையாது. கோடு என்று பார்த்தால் சுவரில் மாட்டிய இலக்குப் பலகைதான். நிறத்தோடு பார்க்கும்போது அது நிற்க மறுக்கிறது. சாம்பலாக்கினால் நின்றுவிடுகிறது.

---

விழித்திரை எழுதியது:

பார்வை அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்பதால் மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

மூளையில் நிறத்தைக் கவனிக்கும் வழியும், இடம், அசைவு, ஆழம் ஆகியவற்றைக் கவனிக்கும் வழியும் பெரும்பாலும் தனித்தனி. இரண்டாவது வழி முக்கியமாக வெளிச்ச வேறுபாட்டை நம்பியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்களின் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நிற வழி அங்கே ஓர் எல்லை இருக்கிறது என்கிறது, இட வழியால் அதை உறுதியாக ஓரிடத்தில் நிறுத்த முடிவதில்லை. எல்லை நடுங்குவது போலத் தெரிகிறது. ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு மோனேயின் 1872-ஆம் ஆண்டுச் சூரியோதய ஓவியத்தை உதாரணமாகக் காட்டுவார். ஆரஞ்சுச் சூரியன் துடிக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியனே கிட்டத்தட்ட மேகத்தில் மறைந்துவிடுகிறது. கோட்டோவியன் சாரின் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது வெளிச்ச வேறுபாட்டை மட்டும் விட்டுவைத்து இந்த வகை அசைவைத் துடைத்துவிடுகிறது. கோட்டின் அசைவு மட்டுமே அதில் தப்பிப் பிழைக்கும்.

இரண்டாவது, பின்பிம்பம். சிவப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சை கலந்த நீலம் தெரியும். நம் கண் ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போதுகூட அசையாமல் இருப்பதில்லை, நுண்ணிய அளவில் துள்ளிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் நிரப்பு நிறங்கள் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றின் பின்பிம்பம் மற்றொன்றின் ஓரத்தில் விழுந்து விழுந்து நகரும். ஓரம் மின்னுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் தெலோனேவுக்கு நேராகப் பொருந்துவது. கண்ணின் வில்லை நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் ஒட்டியிருக்கும் சிவப்பையும் நீலத்தையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. பலருக்குச் சிவப்பு முன்னால் மிதப்பது போலத் தெரியும், சிலருக்கு நேர்மாறாக. ‘முதல் வட்டி’ன் நடுவில் அவர் வைத்தது என்ன? சிவப்பும் நீலமும். அந்த இடத்தை அவரே குத்துவிட்டது போன்றது என்று பின்னாளில் விவரித்தார், அதிவேக அதிர்வு என்றும் சொன்னார். குப்காவின் இரண்டு நிறங்களும் இவைதான்.

---

பாவுநூல் எழுதியது:

எங்கள் குடும்பம் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்வது. இந்த விவாதத்தின் வேர் ஒரு சாயப் பட்டறையில் இருக்கிறது என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாரிஸில் கோப்லான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவாலை. மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நீலம், ஊதாப் பகுதிகளில் நிழலுக்காகப் போடும் கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் மற்றப் பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் அதைக் கெடுக்கிறது என்று கண்டார். அதிலிருந்து வளர்த்து 1839-இல் நிறங்களின் ஒருசேர முரண் பற்றிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். இரண்டு நிறங்களை ஒட்டி வைத்தால் ஒவ்வொன்றும் தன் நிரப்பு நிறத்தை மற்றதன்மேல் ஏற்றுகிறது என்பது அதன் சாரம். அவர் 102 வயது வரை வாழ்ந்தார். ஐஃபல் கோபுரம் எழுந்து முடிந்த சில நாட்களில், 1889 ஏப்ரலில் இறந்தார். அந்தக் கோபுரத்தைப் பின்னால் தெலோனே திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இது எங்கள் தறியில் தினமும் நடப்பது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே அரக்குச் சிவப்பு நூல் கடுகு மஞ்சள் உடலோடு போனால் ஒரு மாதிரியும், இலைப்பச்சையோடு போனால் எரிவது போலவும் தெரியும். மயில்கழுத்து நிறம் இதிலிருந்து வேறுபட்டது. அதில் பாவில் நீலமும் ஊடையில் பச்சையுமாக நூல் நூலாகக் கலந்து, மடிப்புக்கு மடிப்பு மூன்றாவது நிறம் காட்டும். ஷெவ்ரல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசினார். மெல்லிய இழைகளாக இருந்தால் கலக்கும், அகலமான பரப்பாக இருந்தால் மோதும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் ஓவிய வரலாறும் விளங்கும். 1880-களில் பிரெஞ்சு ஓவியர் சொரா நிறங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார், மயில்கழுத்து மாதிரி. தெலோனே 1906–07-இல் அந்தப் புள்ளி முறையில் வரைந்தவர்தான். ஆனால் புள்ளிகளைச் செங்கல் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டே போனார். 1912-இல் அவை முழு வண்ணப் பலகைகளாகிவிட்டன. நிறங்கள் கலக்காமல் மோத ஆரம்பித்ததும் அசைவு வந்துவிட்டது.

---

பிலிம்சுருள் எழுதியது:

பாவுநூல் அண்ணாவின் விளக்கம் அருமை. ஆனால் கண்ணை ஏமாற்றும் வித்தையை ஓவியம் என்று சொல்லலாமா? பல்லாவின் ஓடும் சிறுமியில் ஓர் ஆள் இருக்கிறாள். வட்டில் யார் இருக்கிறார்கள்?

---

செம்மண் எழுதியது:

அன்றைக்கே இதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது, பிலிம்சுருள். 1913-இல் பொச்சோனி, பல்லாவைப் போலவே வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலிய ஃப்யூச்சரிஸ்ட் ஓவியர், ‘ஒரேநேரத்தன்மை’ எங்கள் கருத்து, பாரிஸ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று பத்திரிகையில் எழுதினார். தெலோனே தரப்பு பதில் கொடுத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்பதை விட, இருவரும் அதில் வேறு வேறு விஷயத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம்.

ஃப்யூச்சரிஸ்டுகளுக்கு அசைவு உலகத்தில் இருக்கிறது. கார், ரயில், ஓடும் குதிரை. அதைக் கணம் கணமாக வெட்டிக் கேன்வாஸில் அடுக்க வேண்டும். பல்லாவின் நாய் ஓவியத்தில் குட்டைக் கால்கள் விசிறியாக விரிவது அப்படித்தான். தெலோனேவுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்தடுத்து வருவது இயந்திரத்தின் அசைவு, நிறங்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தாக்குவதுதான் ஒளியின் அசைவு என்று அவர் நினைத்தார். ஒளியைப் பற்றி 1912-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் பால் கிளே. பெர்லினின் ‘டெர் ஸ்டுர்ம்’ இதழில் 1913 ஜனவரியில் வந்தது. கிளே, மாக்கே, மார்க் என்ற ஓவியர்கள் மூவருமே பாரிஸுக்குப் போய் அவரைப் பார்த்தவர்கள். அவருடைய ‘ஜன்னல்கள்’ வரிசை அவர்களுடைய நிறத்தை எப்படி மாற்றியது என்பதற்குத் தனி இழை போடலாம்.

பல்லாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதே 1912-இல் அவர் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் ஒரு வீட்டை அலங்கரிக்கப் போனபோது, வானவில் நிறங்களை முக்கோணங்களாகக் கோத்து ஒரு வரிசை தொடங்கினார். அதில் நாயும் இல்லை, சிறுமியும் இல்லை. கால்களை எண்ணிக்கொண்டிருந்த அதே கை அங்கே நிறத்தை நம்பத் தொடங்குகிறது.

வட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பார்க்கிற நீங்கள் இருக்கிறீர்கள். வெறும் வித்தையாக இருந்தால் ஒரு முறை பார்த்ததும் தீர்ந்துவிடும். இந்த ஓவியம் ஒவ்வொரு முறையும் கண்ணை வேறு வழியில் அனுப்புகிறது.

---

மழைப்பாடினி எழுதியது:

இவ்வளவு நேரம் ராபர்ட் தெலோனேவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சோனியா எங்கே?

உக்ரைனில் பிறந்தவர். 1910-இல் ராபர்ட்டை மணந்தார். 1911 ஜனவரியில் மகன் ஷார்ல் பிறந்தான். குழந்தைக்காகத் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரு விரிப்பு செய்தார், உக்ரைனியக் குடியானவர் வீடுகளில் பார்த்த மாதிரி. இன்று அது பாரிஸில் பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பாருங்கள். கறுப்பு, பழுப்பு, பச்சை, இளஞ்சிவப்புத் துண்டுகள் மோதுகின்றன, உருவம் எதுவும் இல்லை. ராபர்ட்டின் ‘ஜன்னல்கள்’ வந்தது 1912-இல். இந்த வரிசையை யாரும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. நான் ஒதுக்க மாட்டேன்.

அசைவு என்று வந்தால் சோனியாவின் கை இன்னும் துணிச்சலானது. 1913-இல் வரைந்த ‘பால் புல்லியே’ ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர்கூட உயரமில்லை. மோன்பர்னாஸ் பக்கத்து நடனக்கூடம். டாங்கோ ஜோடிகள் நிற வளைவுகளாக உருகி ஓடுகிறார்கள். அவ்வளவு நீளத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் கால்களும் சேர்ந்து அசைகின்றன. அந்தக் கூடத்துக்கே அவர் தானே தைத்த ‘ஒருசேர’ உடையைப் போட்டுக்கொண்டு போனார். நிறத்தை ஓர் அசையும் உடம்பில் ஏற்றிவிட்டார், ராபர்ட் கேன்வாஸில் தேடிக்கொண்டிருந்ததை நடனத் தளத்தில் விட்டுவிட்டார்.

அதே ஆண்டு கவிஞர் பிளேஸ் சாந்த்ராரோடு சேர்ந்து சைபீரிய ரயில் பயணக் கவிதைக்கு ஒரு மடிப்பு நூல். விரித்தால் இரண்டு மீட்டர் நீளம். ஒரு பக்கம் கவிதை, ஒரு பக்கம் மேலிருந்து கீழே ஓடும் நிறங்கள். 150 படிகள் போட்டு அடுக்கினால் ஐஃபல் கோபுர உயரம் வரும் என்பது திட்டம், அத்தனை படிகள் தயாராகவில்லை. 1914-இல் ‘மின்சாரப் பட்டகங்கள்’, இரண்டரை மீட்டர்ச் சதுரம். பாரிஸ் தெருவில் புதிதாக வந்த மின்விளக்குகளைச் சுற்றித் தெரிந்த ஒளிவளையங்களிலிருந்து வந்தது.

1964-இல் லூவ்ரில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தன. உயிரோடு இருக்கும்போதே அங்கே அந்த மரியாதை பெற்ற முதல் பெண் ஓவியர். ஆனாலும் பாடப்புத்தகங்களில் இன்னும் ‘மனைவி’யாகத்தான் வருகிறார்.

---

கோட்டோவியன் எழுதியது:

விழித்திரை சொன்னதை யோசித்தேன். எல்லை நடுங்குவது அதிர்வு. அதிர்வும் அசைவும் ஒன்றல்ல. நடுங்குகிற விளக்குச் சுடர் எங்கேயும் போவதில்லை. போவதற்குத் திசை வேண்டும், திசையைக் கோடு கொடுக்கிறது. தெலோனேவின் வட்டு இருந்த இடத்திலேயே அதிர்கிறது, குப்காவின் வளைவு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது. நான் குப்காவின் பக்கம்.

ஆனால் அமார்ஃபாவைச் சாம்பலாக்கி இன்னும் நிதானமாகப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். வளைவு இருக்கிறது, ஆனால் இரண்டு பாதைகள் இல்லை. நிறத்தோடு பார்த்தால் சிவப்பு ஒரு பக்கம் போகிறது, நீலம் அதை வெட்டிக்கொண்டு வேறு பக்கம் போகிறது, ஒன்று மறைந்த இடத்தில் மற்றது தொடர்கிறது. சாம்பலில் நீலம் கறுப்புப் பின்னணியோடு ஒட்டிவிடுகிறது, யார் எங்கே போகிறார் என்று பின்தொடர முடியவில்லை. குப்கா 1913-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் பேசும்போது, இசையமைப்பாளர் பாக் இசையில் செய்ததைத் தன்னால் நிறத்தில் செய்ய முடியும் என்று நம்புவதாகச் சொன்னார். ஃப்யூகில் ஒரே மெட்டை இரண்டு மூன்று குரல்கள் துரத்திக்கொண்டு போகும். குரல்களைத் தனித்தனியாகக் காதில் பிடிக்க முடிந்தால்தான் துரத்தல் தெரியும். இந்த ஓவியத்தில் நிறத்தின் வேலை அதுதான்.

காண்டின்ஸ்கியும் நிறத்துக்குத் திசை உண்டு என்றார். 1911 டிசம்பரில் வெளிவந்த தன் நூலில், மஞ்சள் வட்டம் விரிந்து பார்ப்பவரை நோக்கி வரும், நீலம் உள்ளே சுருங்கி விலகிப் போகும், பச்சை அசையாமல் நிற்கும் என்று எழுதினார். எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. கரும்பச்சைக்கு நடுவே வைத்த வெளிர்நீலம் எத்தனையோ முறை முன்னால் வருவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு ஒரு நிறத்துக்குத் தனிக் குணம் சொல்வது சரியில்லை.

---

பாவுநூல் எழுதியது:

கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். சாயக்காரரிடம் கேட்டாலும் எதோடு போகப் போகிறது என்றுதான் முதலில் கேட்பார்.

---

அடையாற்றங்கரை எழுதியது:

காண்டின்ஸ்கிக்கு அந்தத் தனிக் குணம் எங்கிருந்து வந்தது என்பதில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1882-இலிருந்து பிரம்மஞான சபையின் (தியோசாஃபிகல் சொசைட்டி) தலைமையகம் அடையாறு. 1907-இல் அதன் தலைவரான அன்னி பெசன்ட், லெட்பீட்டரோடு சேர்ந்து எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ என்ற நூல் ஐரோப்பிய ஓவியர்கள் பலர் கைக்குப் போனது. கோபம், பக்தி, பயம், அன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் வடிவமும் உண்டு என்று சொல்லி வண்ணப் படங்களோடு விளக்கும் நூல். ஒரு மாதா கோயிலின் மேல் வாக்னரின் இசை வண்ண மலையாக எழும்பும் படம்கூட அதில் இருக்கிறது. அதன் ஜெர்மன் பதிப்பு காண்டின்ஸ்கிக்குத் தெரியும். டச்சு ஓவியர் மோந்த்ரியான் 1909-இல் சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார்.

இந்தக் கதையை 1912-இல் தொடங்குவதும் சரியில்லை. ஸ்டாக்ஹோமில் ஹில்மா அஃப் கிளின்ட் என்ற பெண் ஓவியர் 1906-இலேயே ஆரம்பித்துவிட்டார். 1907-இல் வரைந்த ‘பத்துப் பெரியவை’ ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை. சுருள்கள், இதழ்கள், முட்டை வடிவங்கள். அவருக்கு நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை, இரண்டும் சேரும் இடம் பச்சை. இந்தப் பத்தும் 1906-இல் தொடங்கிய பெரிய வரிசையின் ஒரு பகுதி; 1915 வரை அதில் மொத்தம் 193 படைப்புகள். தான் இறந்து இருபது ஆண்டுகள் வரை காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். 1944-இல் இறந்தார். 1986-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கண்காட்சியில்தான் உலகம் அவரைக் கவனித்தது. 2018–19-இல் நியூயார்க் குகன்ஹைமில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

---

செம்மண் எழுதியது:

அஃப் கிளின்ட்டின் இடத்தை நான் மறுக்கவில்லை. காலத்தால் அவர்தான் முன்னால் நிற்கிறார். ஆனால் இந்த இழையின் கேள்வியில் அவர் வேறு பக்கம் நிற்கிறார் என்று நினைக்கிறேன். நீலம் பெண்மை என்றால், அந்த நீலத்தை நான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘எண்ண வடிவங்கள்’ நூலின் நிறப் பட்டியலும் அப்படித்தான், ஓர் அகராதி. தெலோனேவின் நீலத்துக்குப் பொருளே கிடையாது, பக்கத்துச் சிவப்போடு அது என்ன செய்கிறது என்பதே எல்லாம். 1912-இல் ஏற்பட்ட உண்மையான முறிவு இதுதான் என்பது என் கருத்து. நிறம் எதையாவது குறிப்பதை விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கியது.

குப்கா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அவர் ஆவி ஊடகமாகவே வேலை பார்த்தவர், மறைஞானத்தில் ஊறியவர். அதே நேரத்தில் நியூட்டனின் நிற வட்டத்தை எடுத்து வரைந்தவர். பிலடெல்பியாவில் இருக்கும் ‘நியூட்டனின் வட்டுகள்’ அமார்ஃபாவுக்கான முன்னோட்டம். இரண்டு உலகமும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அந்த ஓவியம் கண்ணையும் பிடிக்கிறது, அதற்கு அப்பாலும் போகிறது.

---

பிலிம்சுருள் எழுதியது:

இவ்வளவு பேசிய பிறகும் யாரும் லெயோபோல்ட் சுர்வாஜ் பெயரைச் சொல்லவில்லை. பாரிஸில் இருந்த ஓவியர். கேன்வாஸில் அசைவைத் தேடுவது போதாது என்று முடிவு செய்து, நிறங்களே நடிகர்களாக வரும் ஒரு திரைப்படத்தைத் திட்டமிட்டார். பெயர் ‘வண்ணத் தாளம்’. 1912-க்கும் 1914-க்கும் இடையில் நூற்றுக்கு மேல் வரைபடங்களைத் தாளில் போட்டார். கருப்பு வெளியில் சிவப்பு, ஆரஞ்சு, நீல வடிவங்கள் வீங்கி, முறுக்கிக்கொண்டு, ஒன்றை ஒன்று விழுங்கும். கவிஞர் அப்பொலினேர் தன் இதழில் இடம் கொடுத்தார். கோமோன் என்ற திரைப்பட நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. 1914 ஆகஸ்டில் போர் வந்துவிட்டது, படம் எடுக்கப்படவே இல்லை. தாள்களில் ஒரு பெரிய பகுதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சுர்வாஜுக்கு அசையாத நிறத்தில் முழு நம்பிக்கை இருந்திருந்தால் சினிமாவைத் தேடிப் போயிருப்பாரா? வடிவம் காலத்தில் மாறினால்தான் இசையோடு ஒப்பிட முடியும் என்பது அவருடைய வாதம். போருக்குப் பிறகு 1921-இல் வால்டர் ருட்மன் ஜெர்மனியில் வண்ணம் தீட்டிய அரூபப் படத்தைத் திரையிட்டபோது அந்த வாதம் நிஜமானது. என்னைக் கேட்டால் குப்காவும் தெலோனேவும் கதவு வரை வந்தவர்கள், உள்ளே போனது சினிமா.

---

விழித்திரை எழுதியது:

அப்படிப் பார்த்தால் சினிமாவிலும் அசைவு திரையில் இல்லை பிலிம்சுருள். நின்ற படங்கள்தான் அடுத்தடுத்து விழுகின்றன, மூளைதான் சேர்க்கிறது. வித்தியாசம் வேகத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. திரையில் அது முன்பே முடிவாகிவிட்டது, எல்லோருக்கும் ஒரே வேகம். அமார்ஃபாவின் முன் நிற்பவர் மேலே ஏறும் வளைவில் பத்து நொடி தங்கலாம், திரும்பி வரலாம், நீலத்தை விட்டுச் சிவப்பைப் பிடிக்கலாம். ‘பால் புல்லியே’யை வலமிருந்து இடமாக நடந்தும் பார்க்கலாம். சுர்வாஜின் தாள்களில் நமக்கு இன்று பிடிப்பதும் இந்தச் சுதந்திரம்தான்.

---

செம்மண் எழுதியது:

கோட்டோவியன் சாரின் ‘இரண்டு பாதைகள்’ என்ற கவனிப்புக்குப் பிறகு என் கட்சியை இப்படிச் சுருக்குகிறேன். திசை கோட்டுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். எந்தத் திசையில் கண் போவது, எங்கே ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது என்பது நிறத்துடையது.

நேரில் பார்க்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு: அமார்ஃபா பிராகா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதே ஊரில் காம்பா அருங்காட்சியகத்திலும் குப்காவின் படைப்புகள் நிறைய உண்டு. பொம்பிடு மையம் 2025-இல் சீரமைப்புக்காக மூடப்பட்டது, அதனால் தெலோனே தம்பதியின் படைப்புகள் எந்தக் கண்காட்சிக்குப் போயிருக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரில் முடியாதவர்கள் பந்து விளையாடும் சிறுமிக்கான குப்காவின் ஆய்வு வரைபடங்களை இணையத்தில் தேடுங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சிலவற்றை வெளியிட்டிருக்கிறது. எந்தத் தாளில் சிறுமியின் கை கடைசியாகத் தெரிகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். மழைப்பாடினியும் கோட்டோவியன் சாரும் முதலில் சொல்ல வேண்டும்.